ஃபீட்பேக் கம்பி கழன்ற ஞாயிற்றுக்கிழமை

அன்று வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். முன்னறையில், தரையில் நான். குசினியில், கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு சமைத்தபடி என் மனைவி. வாசற்படியில், ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி அவளுடைய தம்பி. அலுமாரிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தபடி மேல்வீட்டு ஐயா. ஜன்னலில் அடுத்த வீட்டுப் பூனை ஒன்று இருந்தது, அதை விரட்டிவிட்டேன். ஆகவே நாலு பேர்தான்.

இப்படி ஆள் கணக்கு எடுப்பது எனக்குப் பழக்கம். பாட்டுக் கேட்க நான் செய்து வைத்திருக்கிற வால்வு ஆம்புக்குள் முந்நூறு வோல்ட் ஓடுகிறது. சுவரில் வருவதே இருநூற்று முப்பதுதான். அதனால் ஸ்விட்சைப் போடுமுன் வீட்டில் யார் யார், எங்கெங்கே, காலில் செருப்பு இருக்கிறதா, கை ஈரமா என்று ஒருமுறை சத்தமாகக் கேட்டுவிடுவேன்.

மனைவியின் தம்பி, என் மச்சான், த்ரீவீலர் ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது.

"ப்ரெசன்ட் சேர்," என்றான் வாசலிலிருந்து. "செருப்புப் போட்டிருக்கேன் சேர். கை காஞ்சிருக்கு சேர். த்ரீவீலரை அம்மா பேருக்கு எழுதிட்டேன் சேர்."

"சிரி, சிரி. ஒரு நாள் பிடிச்சாத் தெரியும்."

"மச்சான், கரண்ட் ஒங்களைப் பிடிக்காது. ஒங்களப் பாத்தா அதுக்கே பயம் வந்துரும்."

எனக்குப் பயம் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு கண்டி டவுனில் ஒரு கரண்ட் சாமான் கடையில் சேர்ந்தேன். பல்பு, வயர், ஹோல்டர் விற்கிற வேலை. இன்றைக்கும் அதே வேலைதான். சாயங்காலம் ஹந்தானை றோட்டில் ஏறி வீட்டுக்கு வந்த பிறகு, கடையின் பின்கதவைப் பூட்டினேனா என்று மனசு அரிக்கும். தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் திரும்ப இறங்கிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்த நாட்கள் உண்டு. பூட்டு எப்போதும் பூட்டித்தான் இருக்கும். அப்படிப்பட்டவன் எதற்கு முந்நூறு வோல்ட்டில் கை வைத்தான் என்று கேட்டால், மனைவியின் காதுதான் காரணம்.

அவள் பல்லேகல பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் பல வருஷம் மெஷினில் இருந்தவள். ஒருமுறை கடும் காய்ச்சல் வந்து ஆறிய பிறகு காதில் ஏதோ ஆகிவிட்டது. கேட்காமல் போனது என்றால் ஊரில் பத்துப் பேருக்குப் புரியும். இவளுக்கோ அளவுக்கு மீறிக் கேட்டது. கரண்டி பீங்கானில் பட்டால் துடித்துப்போவாள். பிரஷர் குக்கர் விசிலை எங்கள் வீட்டில் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டோம். மெஷின் சத்தமா, காய்ச்சலா, எதனால் வந்தது என்று டாக்டர்மாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் மட்டும், "சத்தத்துக்கு ஒளியாதீங்க, ஒளிஞ்சா இன்னும் கூடும். மிருதுவான சத்தமாப் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் கேட்டுப் பழகுங்க," என்றார்.

மிருதுவான சத்தத்துக்கு எங்கே போவது? அவளோ பாட்டில்லாமல் இருக்க முடியாதவள். மாதா கோயிலில் பாட்டுக்குழுவில் பாடியவள். இப்போது அதே கோயிலில் கடைசி வாங்கில், கதவு ஓரமாக உட்காருகிறாள். ஓர்கன் தொடங்கியதும் எழும்பி வெளியே போய் மரத்தடியில் நிற்கிறாள். பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, முன்பு கூடப் பாடிய பெண்கள் அவளைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். பேசிவிட்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் என்னோடு பேசமாட்டாள்.

ஒரு நாள் சொன்னாள்: "ஒரே ஒரு பாட்டுங்க. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும், எழும்பி ஓடாம ஒக்காந்து கேக்கணும். அது போதும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஃபோனில் போட்டால் தகரம் மாதிரி இருந்தது. நான் முதலில் செய்த சின்ன ஐ.சி. ஆம்பில் போட்டால் ஊசி. "ச, ஸ வர்ற எடமெல்லாம் காதுக்குள்ள குத்துது," என்று முதல் சரணத்துக்கு முன்னாலேயே எழும்பிவிடுவாள். கூர்மையான சத்தத்துக்கான ட்ரெபிளைக் குறைத்துப் பார்த்தேன். குத்துவது குறைந்தது, பாட்டும் தலையணைக்குள் போய்விட்டது.

வால்வு ஆம்பின் சத்தத்தில் ஒரு வெதுவெதுப்பு இருக்கும் என்று ஃபோனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். பழைய இரும்புக் கடையில் செத்த ரேடியோக்களிலிருந்து வால்வு கழற்றினேன். ஸ்பீக்கருக்கு முன்னால் போடுகிற ட்ரான்ஸ்ஃபோமரைக் கட்டுகஸ்தோட்டையில் தண்ணி மோட்டருக்குக் கம்பி சுத்துகிற முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், சுத்திக் கொடுத்தார். காசுக்கு ஏற்ற மாதிரி ஒன்றே ஒன்று. முதன்முதலில் கண்ணாடி வால்வுக்குள் இருக்கிற கம்பி மெல்லச் சிவந்தபோது, ஏதோ உயிர் பிடிக்கிறதைப் பார்த்ததுபோல் நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். மச்சான்தான், "இது பாட்டுக் கேக்கவா, தேத்தண்ணி சூடாக்கவா?" என்று கேட்டு அதைக் கெடுத்தான்.

இனி ஃபீட்பேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்த மாதிரிதான் சொல்ல முடியும், கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னால் தெரியாது. ஆம்ப் என்பது சின்னச் சத்தத்தைப் பெரிதாக்குகிற சாமான். பெரிதாக்கும்போது கொஞ்சம் கோணலாகவும் ஆக்கிவிடும். ஆகவே ஸ்பீக்கருக்குப் போகிறதில் ஒரு துளியை எடுத்து, ஒற்றைக் கம்பி வழியாக, தலைகீழாக்கி முதல் வால்வுக்கே திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நீ செய்த கோணல் இவ்வளவு, பார்த்துத் திருத்து என்று சொல்வதுபோல. அந்தத் துளி எவ்வளவு என்பதைக் கம்பியின் நடுவில் இருக்கிற ஒரு ரெசிஸ்டர் முடிவு செய்யும். ரெசிஸ்டர் சிறியதென்றால் நிறையத் திரும்பி வரும், பெரியதென்றால் கொஞ்சம்தான் வரும். தான் செய்ததைத் தானே கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்படி ஒரு பெட்டியைச் செய்யலாம் என்று யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து முதன்முதலில் யோசித்திருக்கிறாரே! அதை நினைத்துக்கொண்டே இருந்ததில் பஸ்ஸில் நான் இறங்குமிடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்தக் கம்பியை முதல் தடவை போட்டபோது ட்ரான்ஸ்ஃபோமரின் இரண்டு முனைகளையும் மாற்றிப் போட்டுவிட்டேன். தலைகீழாய் வரவேண்டியது நேராய் வந்தது. திருத்தவேண்டியது, இன்னும் கத்து, இன்னும் கத்து என்று தூண்டிவிட்டது. ஸ்பீக்கர் அலறிய அலறலில் மேல்வீட்டு ஐயா கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தார். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான், நிறுத்திவிட்டேன். அதற்குள் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் ஆம்பைத் தொட்டாலே குசினிக்குள் போய்விடுவாள். மிருதுவான சத்தம் செய்து தருகிறேன் என்று சொன்னவன் செய்த காரியம் அது.

முனைகளைச் சரியாக மாற்றினேன். அலறல் நின்றது. என் பயம் நிற்கவில்லை. நான் பார்த்துச் செய்த சர்க்யூட் படத்தில் அந்த ரெசிஸ்டருக்குப் பத்தாயிரம் ஓம் என்று போட்டிருந்த இடத்தில் மூவாயிரத்து முந்நூறு போட்டேன். கட்டுப்பாடு கூடுதலாக இருக்கட்டும், இனி எதுவும் கைமீறிப் போகக்கூடாது என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயா இறங்கி வந்தது அதைப் பார்க்கத்தான். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கட்டடப் படம் கீறுகிற வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். ஆம்பின் படத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை எனக்கு வாசித்துச் சொன்னவர் அவர்தான்.

"தம்பி, படத்தில பத்து எண்டு கிடக்கு. நீர் ஏன் மூண்டு போட்டனீர்?"

"பயத்துலதான் ஐயா."

"பயத்துக்கு மருந்து குடிக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். ரெசிஸ்டர் மாத்திற ஆளை இப்பதான் காணுறன்."

ஆள் கணக்கு எடுத்து, ஸ்விட்சைப் போட்டு, ஃபோனைக் கம்பியில் மாட்டி ஒரு பழைய பாட்டை வைத்தேன். சத்தம் சுத்தமாக இருந்தது. இரைச்சல் துளியும் இல்லை. இறுக்கமாகவும் இருந்தது.

மச்சான் கொஞ்ச நேரம் கேட்டான். "நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா இந்தப் பாடுற அக்கா யாருக்கோ பயந்து பாடுது."

"ஆம்ப் செய்தவருக்குத்தான்," என்றார் ஐயா.

குசினிக் கதவு இன்னும் ஒரு அங்குலம் சாத்திக்கொண்டது. எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது: ச வருகிற இடம் குத்தியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்துக்கு உரம் ஏற்றிக்கொண்டு போகிற லொறி ஒன்று எங்கள் வளைவில் கியர் மாற்றியது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆடியது. ஆம்பும் ஆடியது. உடனே பாட்டு ஊதிப் பெருத்தது. அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. நான் பாய்ந்து ஸ்விட்சை அமர்த்தினேன். முன்பு போலவே ஆகிவிட்டது, அவள் தரையில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

குசினிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"ஏன் நிப்பாட்டினீங்க?"

கையில் பாதி நறுக்கிய லீக்ஸ் தண்டோடு நின்றாள். முகத்தில் வலி இல்லை.

"குத்தலையா?"

"இல்ல. சத்தம் கூடத்தான். ஆனா குத்தல. இப்ப என்ன செஞ்சீங்க?"

நான் ஒன்றும் செய்யவில்லை. அவசரத்தில் நான் வைத்த ஈயம் சரியாகப் பிடிக்காமல், லொறி போன ஆட்டத்தில் ஃபீட்பேக் கம்பி கழன்று தொங்கியது. திரும்பி வரவேண்டிய துளி வரவே இல்லை. ஆம்ப் தன் பாட்டுக்குப் பாடியிருக்கிறது.

"பிள்ளை, அது கம்பி கழண்ட சத்தம்," என்றார் ஐயா. "கோணல் கூடின சத்தம். கணக்கின்படி பாத்தா பிழை."

"பிழையா இருந்தாலும் குத்தல ஐயா."

ஐயா குனிந்து தொங்கிய கம்பியைப் பார்த்தார். "அப்ப சரி. எவ்வளவு பிழை வேணுமெண்டு பாப்பம். தம்பி, ரெசிஸ்டரை ஒவ்வொண்டாய் மாத்திக்கொண்டு நிண்டா இண்டைக்கு முடியாது. அந்த இடத்தில ஒரு குமிழைப் போடும். பிள்ளையே திருப்பிப் பாக்கட்டும்."

அவள் கையா? முந்நூறு வோல்ட் பெட்டியிலா? குமிழ் போடுகிற இடத்தில் ஸ்பீக்கருக்குப் போகிற சின்னக் கரண்ட்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா? முதலில் உள்ளே சேர்ந்திருக்கிற கரண்ட் வடியும்வரை மீட்டரை வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். எண் இருநூறு, நூறு, நாற்பது என்று மெல்ல இறங்கியது.

"கரண்டுக்குச் சாவு வீடு நடக்குது," என்றான் மச்சான். "எல்லாரும் வந்து முகம் பாத்துக்கிருங்க."

பழைய வொலியூம் குமிழ் ஒன்றை நீள வயரில் வைத்து, பெட்டியிலிருந்து தள்ளிக் கொண்டுவந்தேன். அதற்கு மேலே ப்ளாஸ்டிக் மூடி. முழுக்கத் திருப்பினாலும் அலறாமலிருக்க, பழைய மூவாயிரத்து முந்நூறையும் அதோடு சேர்த்துவிட்டேன். அவளை றப்பர் செருப்புப் போடவைத்து, மரக் கதிரையில் உட்காரவைத்து, ஒரு கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அக்கா, ஹெல்மெட் கொண்டு வரவா?"

"நீ வாயை மூடிக்கிட்டு இரு. அதுதான் என் காதுக்கு நல்லது."

பாட்டை மறுபடி தொடக்கத்திலிருந்து வைத்தேன். அவள் குமிழை ஒரு பக்கம் திருப்பினாள். பாட்டு இறுகியது, அவள் புருவம் சுருங்கியது. மற்றப் பக்கம் முழுக்கத் திருப்பினாள். சத்தம் கூடியது, நான் வொலியூமைக் குறைத்துச் சமமாக்கினேன். மேளம் நனைந்த மெத்தையில் அடிப்பதுபோல் தொளதொளவென்று விழுந்தது, அடியில் இரைச்சல். அதுவும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு நடுவில் எங்கேயோ கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். குமிழ் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் அதைவிடக் கொஞ்சம். கறியில் உப்புப் பார்க்கிறவளின் முகம். விரல் அசைவது எனக்குத் தெரியவே இல்லை.

"இங்க," என்றாள்.

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சொன்னேன்.

"இப்ப கேளுங்க." மயிரிழை திருப்பினாள். "இது இல்ல." திரும்பக் கொண்டுவந்தாள். "இங்க. அவ மூச்சு எடுக்கிறா, கேக்குதா?"

கேட்டது.

அந்தப் பாட்டை நான் எத்தனையோ முறை கேட்டவன். கடையில் ரேடியோவில், பஸ்ஸில், கலியாண வீட்டில். சரணம் தொடங்குமுன் அந்தப் பெண் மூச்சு எடுக்கிறாள் என்று ஒருநாளும் எனக்குத் தெரியாது. மெல்லிசாக, உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு காற்று. பிறகு குரல். அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அலுமாரிக்கும் ஐயாவின் கதிரைக்கும் நடுவில், எங்கள் முன்னறையில், ஓர் ஆள் உயரத்தில் நின்று பாடியது. வயலின் வில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போது மரம் முனகுவது கேட்டது. மேளத்தில் உள்ளங்கை தோலைத் தொட்டு எடுப்பது கேட்டது. வீட்டில் நாலு பேர் என்று எண்ணியிருந்தேனே, கணக்கில் ஒருத்தி கூடிவிட்டாளே என்று நிஜமாகவே ஒரு கணம் பதறினேன்.

மச்சானின் வெளியே இருந்த கால் எப்போது உள்ளே வந்தது என்று தெரியாது. ஐயா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மனைவியின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ச வருகிற இடங்கள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றும் நெருங்கும்போது என் தோள் தானாக மேலே ஏறியது. அவள் தோள் அசையவில்லை. முதல் சரணம் போனது. இரண்டாவது சரணத்தில் உச்சத்துக்கு ஏறுகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் அவள் எழும்புவாள் என்று நினைத்தேன். அவள் உதடு அசைந்தது. கூடப் பாடுகிறாள், சத்தமில்லாமல். பாட்டு முடிந்து அந்த மெல்லிய 'ம்ம்' இரைச்சல் மட்டும் மிஞ்சியபோதும் கதிரையில்தான் இருந்தாள். குசினியில் அடுப்பில் வைத்த தண்ணி வற்றி ஏதோ தீயும் மணம் வந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"இன்னொண்ணு போடுங்க," என்றாள்.

அன்று எத்தனை பாட்டுப் போட்டேன் என்று எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது எனக்கே ஆச்சரியம்.

மச்சான் போனபிறகு ஆம்பை அமர்த்தி, வடியவிட்டு, அவள் நிறுத்திய இடத்தில் குமிழையும் பழைய ரெசிஸ்டரையும் சேர்த்து மீட்டரில் அளந்தேன். இருபத்திரண்டாயிரத்துக்குக் கிட்ட வந்தது. ரெசிஸ்டர் பெட்டியில் அதற்குரிய நிறக் கோடுகளைத் தேடினேன்: சிவப்பு, சிவப்பு, செம்மஞ்சள். அரிசி மணி நீளம், அவ்வளவுதான் அந்தச் சாமான். அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பாட்டுக்காரியை வீட்டுக்குள் கூட்டிவருகிற வித்தியாசம் இதற்குள்ளா இருக்கிறது?

அதைவிடப் பெரிய ஆச்சரியம் அவள் காது. கெட்டுப்போன காது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பரிதாபப்பட்டு, துணி சுற்றி, கதவு சாத்தி வைத்திருந்தேன். மயிரிழை வித்தியாசத்தை எங்கள் மூன்று பேருடைய ஆறு காதுக்கும் கேட்காத இடத்தில் அது கேட்டுச் சொல்லிவிட்டது.

"படத்தில பத்து," என்றார் ஐயா, மேலே போகுமுன். "உம்மட பயத்துக்கு மூண்டு. பிள்ளையின்ர காதுக்கு இருவத்திரண்டு. இனி ஆராவது கேட்டா நான் இருவத்திரண்டு எண்டுதான் சொல்லுவன்."

புது ரெசிஸ்டருக்கு ஈயத்தை இந்தமுறை நன்றாகச் சூடாக்கி வைத்தேன். இழுத்துப் பார்த்தேன். படுக்கப் போகுமுன் மறுபடி வந்து இழுத்துப் பார்த்தேன். அவள் கட்டிலிலிருந்து, "கழண்டாலும் பரவாயில்ல, வாங்க," என்றாள்.

கரண்டி பீங்கானில் பட்டால் இப்போதும் துடிக்கிறாள். குக்கர் விசில் இன்னும் அலுமாரிக்குள்தான். கோயிலில் மரத்தடியை விட்டு இன்னும் உள்ளே வரவில்லை. ஆனால் சாயங்காலம் நான் வேலை முடிந்து ஏறி வரும்போது, வால்வைச் சூடாக்கச் சொல்லிக் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருக்கிறாள். ஒரு பாட்டு என்று கேட்டவள் இப்போது ஒரு மணித்தியாலம் உட்காருகிறாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம், பாட்டின் நடுவில், சத்தம் வராத மூலையைக் கையால் காட்டினாள்.

"ஏங்க, எல்லாம் இந்தப் பக்கமே கேக்குது. அந்தப் பக்கம் ஏன் ஒண்ணும் இல்ல?"

"ஒரு பக்கத்துக்குத்தான் ஆம்ப் செஞ்சேன். இன்னொரு பக்கத்துக்கு இன்னொரு ட்ரான்ஸ்ஃபோமர் வேணும்."

"அப்ப செய்யுங்க. வயலின்காரர் அங்கதான் இருந்திருப்பாரு."

கட்டுகஸ்தோட்டை நானா என்னைக் கண்டதும் மோட்டர் சுத்துவதை நிறுத்தினார்.

"என்ன தம்பி, எரிஞ்சு போச்சா?"

"இல்ல நானா. அதே மாதிரி இன்னொண்ணு வேணும். வீட்டுல கேக்குறா."

"வீட்டுலயா? பொஞ்சாதியா?" அவர் கடைக்குள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "மாஷா அல்லாஹ்! இவ்வளவு காலமா ட்ரான்ஸ்ஃபோமர் சுத்துறேன். இதை வாங்காதீங்கன்னு சண்டை பிடிக்கிற பொஞ்சாதிமாரத்தான் கண்டிருக்கேன். வேணுமின்னு கேக்குற பொஞ்சாதிய இப்பத்தான் கேள்விப்படுறேன். சுத்தித் தாறேன், கொண்டு போங்க, மிச்சத்தப் பொறவு தாங்க."

செப்புக் கம்பி விலை ஏறியதில் இந்தமுறை பதினோராயிரம். நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்துவிட்டு, ட்ரான்ஸ்ஃபோமரை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மூலையில் இரண்டாவது பெட்டி பாடத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நானாவுக்கு இன்னும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா பாக்கி.